சாத்திரத்துக்கு ஒரு பாத்தி

சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவாற எந்தக் கமக்காரனைப் பிடிச்சுச் சீவரத்தினத்தாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே மறுமொழிதான் வரும். "அந்த மனிசனோ? சோதிச்சுப் பாக்காமல் பச்சைத் தண்ணியும் குடியாது."

சொல்லுறதிலை பிழை இல்லை. கடைக்காரன் புதுப் பசளை ஒண்டைக் காட்டி, "அண்ணை, இதைப் போட்டால் வெங்காயம் தேங்காய் அளவிலை வரும்" எண்டு அளந்தால், சிலபேர் நம்பிப் போடுவினம், சிலபேர் நம்பாமல் விடுவினம். சீவரத்தினத்தார் ரெண்டும் செய்யமாட்டார். பக்கத்துப் பக்கத்திலை ரெண்டு பாத்தி கட்டுவார். ஒரே விதை வெங்காயம், ஒரே தண்ணி, ஒரே வெய்யில். ஒண்டுக்குப் பசளை, மற்றது சும்மா. "நியாயமெண்டால் இதெல்லோ நியாயம்" எண்டு றோட்டாலை போறவாற ஆக்களுக்கு வேலிக்கு மேலாலை விளக்கம் வேறை குடுப்பார்.

ஆனால் இதிலை ஒரு சங்கதி இருக்குது. அது அவற்றை பெண்சாதி குணலட்சுமிக்கு மட்டுந்தான் தெரியும். மனிசனுக்கு மனசு சரியான இளக்கம். பசளை போட்ட பாத்தி பச்சைப்பசேலெண்டு எழும்பி நிக்க, சும்மா விட்ட பாத்தி சோர்ந்து போய் நிக்கிறதைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. "பாவம், அது என்ன குற்றம் செய்தது?" எண்டு, ஒருத்தரும் பாக்காத நேரம் பாத்து அதுக்கும் ரெண்டு பிடி பசளையை எறிஞ்சுபோட்டு வந்திடுவார். கடைசியிலை ரெண்டு பாத்தியும் ஒரே மாதிரி விளைஞ்சு நிக்கும். உடனை கையை விரிச்சுக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவார்: "பாத்தியளோ! உந்தப் பசளையிலை ஒரு மண்ணும் இல்லை. போட்டாலும் ஒண்டுதான், போடாட்டிலும் ஒண்டுதான்."

இப்பிடிச் சோதிச்சுச் சோதிச்சே ஒரு விசயத்திலையும் ஒரு முடிவுக்கும் வராமல் மனிசன் சந்தோசமாய்ச் சீவிச்சுக்கொண்டிருந்தார். மகளின்ரை கலியாணக் கதை வந்துதான் எல்லாத்தையும் குழப்பிச்சுது.

மூத்தவன் நிருஷன் கனடாவிலை. இளையவள் உதயகலா, யாழ்ப்பாணத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவளுக்கு உடுவிலிலை தண்ணிப் பம் திருத்திற கடை வைச்சிருக்கிற பார்த்தீபனிலை விருப்பம். ஒளிப்பு மறைப்பு ஒண்டுமில்லை, நேரை தகப்பனிட்டையே வந்து சொல்லிப்போட்டாள். சீவரத்தினத்தாருக்கும் பெடியனை நல்லாப் பிடிக்கும். குடி வெறி இல்லை, கூப்பிட்ட குரலுக்கு வருவான், எல்லாத்துக்கும் மேலாலை, செத்துப்போச்செண்டு எல்லாரும் கைவிட்ட அவற்றை பம்மை ஒருக்கா இல்லை, ரெண்டு மூண்டு தரம் உயிர்ப்பிச்சுக் குடுத்தவன். "ஓம்" எண்டு சொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாயை அப்பிடியே வைச்சுக்கொண்டு ரெண்டுபேற்றை சாதகக் குறிப்பையும் கொண்டு சோதிலிங்கச் சாத்திரியாரிட்டைப் போனார்.

சோதிலிங்கச் சாத்திரியார் லேசுப்பட்ட ஆளில்லை. கரை வேட்டி, தங்க விளிம்புக் கண்ணாடி, வாசலிலை பளபளவெண்டு மோட்டச்சைக்கிள். ரெண்டு குறிப்பையும் விரிச்சு வைச்சார். நெத்தியைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். சாத்திரிமார் கண்ணாடியைக் கழட்டினால் நல்ல சேதி வராது எண்டு ஊரிலை சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"சீவரத்தினம், பிள்ளைக்கு எட்டிலை செவ்வாய். பெடியன்ரை சுத்த சாதகம், செவ்வாய்க் குற்றம் துப்பரவாய் இல்லை. உதைச் செய்தியளோ, பெடியனுக்குக் கண்டம். தாலி நிக்காது."

அவ்வளவுதான். சீவரத்தினத்தாரின்ரை நித்திரை போச்சுது. கண்ணை மூடினால் பார்த்தீபன் கிணத்துக்குள்ளை விழுறான். கண்ணைத் திறந்தால் பார்த்தீபனுக்குக் கரண்ட் அடிக்குது. மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தால் அவனைப் பஸ் அடிக்குது.

"பெடியனிலை எனக்கு ஒரு கோவமும் இல்லைப் பிள்ளை," எண்டு அடுத்தநாள் மகளிட்டைச் சொன்னார். "அவன் நல்லா இருக்கவேணும் எண்டுதான் வேண்டாமெண்டிறன்."

உதயகலாவுக்கு வந்துதே ஒரு கோவம்! "ஏனப்பா, கத்தரிக்கு அடிக்கிற மருந்தைக்கூடச் சோதிச்சுப் பாத்துத்தானே அடிக்கிறியள்? என்ரை கலியாணத்துக்கு மட்டும் ஒரு சோதனையும் இல்லையோ? சாத்திரியார் கண்ணாடியைக் கழட்டின உடனை ஓமோ?"

குத்தவேண்டிய இடத்திலை பாத்துக் குத்திப்போட்டாள். சீவரத்தினத்தார் தாடையைச் சொறிஞ்சார். தான் வாழ்க்கையிலை சோதிச்சுப் பாக்காத ஒரே சாமான் சாத்திரம்தான் எண்டது அவருக்கு அப்பதான் விளங்கிச்சுது. "சரி, சோதிப்பம்," எண்டார். சொல்லேக்கை முகத்திலை ஒரு வெளிச்சம்கூட வந்துது.

பேச்சு இப்பிடித் தீர்ந்துது. வாற ஆனி மாதம் இந்த வீட்டுக்கு என்னென்ன நடக்கும் எண்டு சாத்திரியாரிட்டைக் கேக்கிறது. முக்கால்வாசி பலிச்சால், உதயகலா பார்த்தீபனை மறந்துபோறது. பலிக்காட்டில், சீவரத்தினத்தார் மறுகதை கதைக்காமல் கலியாணத்தைச் செய்து வைக்கிறது. தகப்பனும் மகளும் கையடிச்சுச் சத்தியம் பண்ணிச்சினம்.

"ஆனால் சாத்திரியாரிட்டை நீங்கள் வரக்கூடாது," எண்டாள் உதயகலா.

"ஏன்? நான் வந்தால் என்ன?"

குணலட்சுமி குசினிக்குள்ளை இருந்தே மறுமொழி சொன்னா. "நீங்கள் போனால் அந்த மனிசன் வெத்திலையை வாயிலை வைக்க முன்னம் எல்லாத்தையும் நீங்களே சொல்லிக் குடுத்திடுவியள். போன முறை, 'எனக்கு இடுப்பிலை நாரிப்பிடிப்பு எண்டு குறிப்பிலை தெரியுதோ' எண்டு நீங்கள்தானே கேட்டனியள்? அவர் ஓம் எண்டார். வீட்டை வந்து, 'சாத்திரியார் நாரிப்பிடிப்பைக்கூடச் சொல்லிப்போட்டார்' எண்டு துள்ளினனியள்."

சீவரத்தினத்தார் நாரியைத் தடவிக்கொண்டு தோட்டத்துக்குள்ளை இறங்கிப் போனார்.

தாயும் மகளும் போய்க் கேட்டுக்கொண்டு வந்திச்சினம். சீவரத்தினத்தார் கதிரையின்ரை நுனியிலை இருந்தார். உதயகலா சாத்திரியாரைப்போலவே குரலை இழுத்து இழுத்து ஒப்புவிச்சாள். "இரும்பாலை ஒரு காயம். அந்நிய தேசத்திலை இருந்து ஒரு நல்ல செய்தி. அழையா விருந்தாளி. குடும்பத் தலைவருக்குச் சபையிலை தலைகுனிவு. நாலுகால் சீவனாலை உடுபுடைவை நட்டம். தண்ணியாலை ஒரு முடை."

"அம்மாடி! இவ்வளவு விபரமாச் சொன்னவரோ?"

"ஓமப்பா."

குணலட்சுமிக்கு அந்த நேரம் பாத்து இருமல் வந்திட்டுது. அடுப்பைப் பாக்கப் போறன் எண்டு எழும்பிப் போயிட்டா.

குணலட்சுமிதான் நடுவர். குசினி மூலையிலை ரெண்டு பனையோலைக் கடகம் வைச்சா. ஒரு பலன் பலிச்சால் வலப்பக்கக் கடகத்துக்குள்ளை குசினிச் சாமான் ஒண்டு விழும். பலிக்காட்டில் இடப்பக்கத்துக்குள்ளை விழும். எல்லாம் சுத்தம். ஒருத்தரும் ஒரு குறை சொல்லேலாது.

முதல் கிழமை ஒண்டும் நடக்கேல்லை. ஒரு துரும்பும் அசையேல்லை. சீவரத்தினத்தார் குசினிக்குப் போற நேரமெல்லாம் வலப்பக்கக் கடகத்தை எட்டிப் பாத்தார். வெறுமையாய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்துது. அவருக்கு அந்தக் கடகத்தைப் பாக்கப் பாக்கச் சும்மா விட்ட பாத்திதான் ஞாபகம் வந்துது. "பாவம் சாத்திரியார்," எண்டு நினைச்சார். "எத்தினை குடும்பத்துக்கு நாள் வைச்சுக் குடுத்த மனிசன். என்ரை வீட்டிலை வந்தோ தோக்கவேணும்?"

வியாதி தொடங்கியிட்டுது எண்டு அந்த நேரமே நாங்கள் விளங்கியிருக்கவேணும்.

தோட்டத்திலை நிண்டு நாலு பக்கமும் பாத்தார். ஒருத்தரும் இல்லை. மண்வெட்டியை எடுத்துப் பெருவிரலிலை மெல்லமாய் வைச்சார். காயம் வரேல்லை. கொஞ்சம் உயத்தி விட்டார். அப்பவும் வரேல்லை. "இதென்ன, தோல் இவ்வளவு தடிப்போ" எண்டு இன்னுங் கொஞ்சம் உயத்தினார். இந்தமுறை கூடிப்போச்சுது. "ஐயோ அம்மா!" எண்டு அவர் போட்ட சத்தத்திலை பக்கத்துத் தோட்டத் தறையிலை நிண்ட கொக்கெல்லாம் எழும்பிப் பறந்துது. ஒற்றைக் காலிலை கெந்திக் கெந்தி வீட்டை வந்து, நோவோடை நோவாய்ச் சிரிச்சுக்கொண்டு, "இரும்பு! இரும்பாலை காயம்! பலிச்சிட்டுது!" எண்டு சொன்ன மனிசனை நீங்கள் எங்கையும் கண்டிருக்கமாட்டியள். குணலட்சுமி ஒரு வெங்காயத்தை எடுத்து வலப்பக்கக் கடகத்துக்குள்ளை போட்டா.

அடுத்தது அந்நிய தேசம். கனடாவுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, ஒரு நல்ல செய்தி சொல்லு."

"ஆருக்கு என்னப்பா?" நிருஷன் பதறிப்போனான். "அம்மாவுக்கு ஏதும்..."

"அம்மா கல்லுப்போலை இருக்கிறா. நீ ஒரு நல்ல செய்தி சொல்லு."

"இஞ்சை இன்னும் விடியேல்லையப்பா!"

"அது செய்தி. நான் கேட்டது நல்ல செய்தி."

நிருஷன் கனநேரம் யோசிச்சான். "எங்கடை றோட்டு முடக்கிலை ஒரு தமிழ்க் கடை திறந்திருக்கினம். முருங்கைக்காய் வருதாம்."

"அப்பிடிச் சொல்லு என்ரை ராசா!" எண்டு போனை வைச்சுப்போட்டு வீட்டுக்குள்ளை ஓடினார். "இஞ்சரும், கனடாவிலை இருந்து நல்ல செய்தி! முருங்கைக்காய் வந்திட்டுதாம்!"

குணலட்சுமி அவரை மேலும் கீழும் பாத்தா. பிறகு ஒரு உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டா.

"முதல் வெங்காயம் போட்டீர், இப்பக் கிழங்கு போடுறீர்?"

"கைக்கு எட்டினதைப் போட்டன். உங்களுக்கென்ன, எண்ணிக்கை சரியெண்டால் காணுந்தானே?"

அதுவும் நியாயந்தான் எண்டு விட்டிட்டார்.

அழையா விருந்தாளிதான் பெரிய வில்லங்கம். கூப்பிட்டு ஒராள் வந்தால் அது அழைச்ச விருந்தாளி ஆயிடும். சோதனை பிழைச்சுப் போகும். சீவரத்தினத்தார் நேர்மையான மனிசன், அப்பிடிக் கள்ளம் செய்யமாட்டார். அதாலை மட்டுவிலிலை இருக்கிற தங்கச்சிக்குப் போன் எடுத்து, "பிள்ளை, நீ ஒருக்காலும் இந்தக் கிழமை எங்கடை பக்கம் வந்திடாதை. நல்ல விளைமீன் வாங்கி வைச்சிருக்கிறம், ஆனாலும் வராதை," எண்டார். அடுத்த பஸ்ஸிலை பலாப்பழத்தோடை தங்கச்சி வந்து இறங்கிச்சுது. "ஏன் வரவேண்டாமெண்டனீங்கள் எண்டு பாக்க வந்தனான் அண்ணை. என்ன, எனக்கு ஒளிச்சு ஏதும் காணி விக்கிறியளோ?" எண்டு ஒரு கிழமையாய் அலுமாரிக்குப் பின்னாலைகூடப் பாத்துது. வலப்பக்கக் கடகத்திலை இன்னொரு வெங்காயம் விழுந்துது.

பிறகு வந்துது சபையிலை தலைகுனிவு. கமக்காரர் சங்கக் கூட்டம். தலைகுனிஞ்சு பழக்கமில்லாத மனிசன், என்னண்டு அவமானப்படுறது எண்டு தெரியாமல் காலமையிலை இருந்து அந்தரப்பட்டார். கடைசியிலை ஒரு யோசினை வந்துது. அவற்றை குரல் ஊருக்கே தெரிஞ்ச குரல். அவர் பாடினால் கறந்த மாடு பாலை உள்ளை இழுக்கும் எண்டு பெண்சாதியே சொல்லுவா. கூட்டம் தொடங்க முன்னம் எழும்பி நிண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பெலத்துப் பாடத் தொடங்கினார். அங்கைதான் பிழை விட்டிட்டார். அந்த மனிசனுக்கு முழுசாய்த் தெரிஞ்ச பாட்டெண்டால் தேவாரம்தான். தேவாரம் பாடினால் ஆர் சிரிக்கிறது? தலைவர் எழும்பினார், செயலாளர் எழும்பினார், பின்வாங்கிலை நித்திரை கொண்டவையும் எழும்பிக் கை கூப்பிச்சினம். பாடி முடிய, "சங்கக் கூட்டத்தைக் கடவுள் வணக்கத்தோடை தொடங்கவேணும் எண்டு இவ்வளவு காலமும் எங்களுக்குத் தோணேல்லைப் பாருங்கோ. இனிமேல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சீவரத்தினம் அண்ணைதான்," எண்டு தலைவர் சொல்ல, கைதட்டு எண்டால் கைதட்டு.

சீவரத்தினத்தார் அழாத குறையாய் வீட்டை வந்தார். "அவ்வளவு சனத்துக்கு முன்னாலை கைதட்டிப்போட்டாங்கள். இதுவும் ஒரு தலைகுனிவுதானே?" எண்டு கெஞ்சிப் பாத்தார். குணலட்சுமி இரங்கேல்லை. வெங்காயம் ஒண்டு இடப்பக்கக் கடகத்துக்குள்ளை போய் விழுந்துது.

விட்டதைப் பிடிக்கவேணுமெல்லோ? நாலுகால் சீவன் எண்டால் வீட்டிலை நிக்கிறது ஒரு ஆடு. உடுபுடைவை எண்டால் கொடியிலை காயுறது. ஆட்டை அவிட்டுக் கொடிக்குக் கீழை கொண்டுவந்து விட்டார். ஆடு வேலியிலை நிண்ட கிளிசரியாக் குழையைப் பாத்துப் போச்சுது. திருப்பி இழுத்துக்கொண்டு வந்தார். தான் உடுத்திற பழைய சாரமொண்டை நீட்டினார். மணந்து பாத்துப்போட்டு முகத்தைத் திருப்பிச்சுது. குணலட்சுமியின்ரை சீலையிலை கைவைக்க அவருக்குத் துணிவில்லை. வேறை வழியில்லாமல் உள்ளை போய், தன்ரை கலியாண வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து, கரையெல்லாம் சோத்துக் கஞ்சியைப் பூசி, ரெண்டு கையாலும் ஏந்தி, "தின்னு குஞ்சு, தின்னு" எண்டு வாய்க்குள்ளை தள்ளினார். அதுக்குப் பிறகு ஆடு கேக்கேல்லை. சரிகைக் கரையை மட்டும் துப்பிப்போட்டு மிச்சத்தை முடிச்சுது.

"ஐயையோ, ஆடு வேட்டியைத் திண்டிட்டுது!" எண்டு அவர் குழற, எல்லாரும் ஓடிவந்திச்சினம். ஆட்டின்ரை தாடியிலை கஞ்சி வடிஞ்சுது. கிணத்தடியிலை கஞ்சிக் கோப்பை இருந்துது. குணலட்சுமி கோப்பையைப் பாத்தா, ஆட்டைப் பாத்தா, புருசனைப் பாத்தா. உள்ளை போய்க் கிழங்கு ஒண்டைப் போட்டா.

உதயகலாதான் போகாமல் நிண்டாள். துப்பின சரிகைக் கரையைக் குனிஞ்சு எடுத்தாள். சிரிப்பாள் எண்டு சீவரத்தினத்தார் பாத்தார், அவள் சிரிக்கேல்லை.

"அப்பா," எண்டாள். "நான் தோக்கிறது உங்களுக்கு அவ்வளவு விருப்பமோ?"

சொல்லிப்போட்டுப் போயிட்டாள். சீவரத்தினத்தார் கஞ்சிக் கையோடை அப்பிடியே கிணத்தடியிலை குந்தினார். இவ்வளவு நாளும் சாத்திரியார் பாவம், சாத்திரியார் பாவம் எண்டு ஓடித்திரிஞ்சாரே தவிர, மற்றப் பாத்தியிலை நிக்கிறது ஆர் எண்டு அந்த மனிசன் திரும்பிப் பாக்கவே இல்லை. பசளை இல்லாமல் சோர்ந்து நிண்டது அவற்றை ஒரே மகள். "அட விசரா," எண்டு தன்னைத்தானே பேசினார். "உன்ரை பிள்ளைக்கு ஒரு பிடி போடவேணுமெண்டு உனக்குத் தோணேல்லையே."

மிச்சம் இருந்தது தண்ணியாலை முடை ஒண்டுதான். ஆறிலை நாலு பலிச்சாச்சு, இதுவும் பலிச்சால் முக்கால்வாசி தாண்டியிடும். அது எப்பிடியும் பலிக்கக் கூடாது எண்டு முடிவெடுத்தார். அண்டைக்குத் தொடங்கிக் கிணத்தடியையும் குழாயையும் வாளியையும் காவல் காத்தார். தங்கச்சி குளிக்கப் போனால்கூடக் கிணத்தடிக்குக் கிட்ட நிண்டு, "கவனம் பிள்ளை, கவனம்" எண்டு கத்தினார். தங்கச்சி கோவிச்சுக்கொண்டு அண்டைக்கே மட்டுவிலுக்குப் பஸ் ஏறியிட்டுது.

ஆனி மாதக் கடைசி நாள் வந்துது. தாயும் மகளும் கோயிலுக்குப் போயிட்டினம். சீவரத்தினத்தார் வெங்காயத்துக்கு இறைக்கப் போய் பம்மின்ரை சுவிச்சைப் போட்டார். பம் ஒருக்கா இருமிச்சுது. ரெண்டாந்தரம் செருமிச்சுது. பிறகு நிண்டிட்டுது.

சத்தியமாய் இந்தமுறை அவர் கை வைக்கேல்லை.

கேட்டியளே கொடுமையை! தான் பலிக்க வைக்க ஓடின நேரமெல்லாம் பலிக்கமாட்டன் எண்டு நிண்டது, பலிக்கக் கூடாது எண்டு நினைச்ச நேரம் தானாய் வந்து பலிக்குது. கோயிலாலை அவையள் வர முன்னம் இதை ஓடப் பண்ணவேணும். ஆரைக் கூப்பிடுறது? பம் திருத்த அவருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பெடியன்தான்.

"தம்பி பார்த்தீபன், உடனை வாரும். ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

பார்த்தீபன் பாவம், வேறை ஏதோ நினைச்சிட்டான். தலை தோய்ஞ்சு, வெள்ளைச் சேட் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து நிண்டான்.

"சேட்டைக் கழட்டும்," எண்டார் சீவரத்தினத்தார்.

"ஐயா?"

"பம்மையும் கழட்டும். கெதியா!"

விசயத்தைச் சொன்னார். பார்த்தீபன் சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் ஸ்பானரை எடுத்தான். அப்பதான் சீவரத்தினத்தாருக்கு எட்டிலை செவ்வாய் ஞாபகம் வந்துது. தண்ணி, கரண்ட், கிணறு எல்லாம் ஒரே இடத்திலை! ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிப்பாட்டினார். அது காணாதெண்டு பியூஸைக் கழட்டித் தன்ரை மடியுக்குள்ளை கட்டினார். தன்ரை றப்பர்ச் செருப்பைக் கழட்டிப் பெடியன்ரை காலிலை போட்டார். காஞ்ச வேப்பந்தடி ஒண்டை எடுத்து, கரண்ட் அடிச்சால் தட்டிவிட எண்டு ஓங்கினபடி பக்கத்திலை நிண்டார். தூரத்திலை இருந்து பாத்தால் பெடியனை அடிக்க நிக்கிற மாதிரித்தான் இருக்கும்.

"தம்பி, உமக்குப் பயமில்லையோ?"

"எதுக்கையா?"

"செவ்வாய்க்கு."

பார்த்தீபன் நிமிர்ந்து பாத்தான். "ஈரத்திலை நிண்டு கரண்டிலை கை வைக்கிறதுதான் ஐயா என்ரை தொழில். செவ்வாய் எங்கையோ தூரத்திலை நிக்குது. பயமெண்டால் இப்ப உங்கடை தடிக்குத்தான்."

பியூஸைத் திரும்பப் பூட்டி மெயினையும் போட, பம் ஓடிச்சுது. தண்ணி குபுகுபுவெண்டு வாய்க்காலிலை பாய்ஞ்சுது. ரெண்டுபேரும் சந்தோசத்திலை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, பின்னாலை ஸ்கூட்டி வந்து நிண்ட சத்தம் கேட்டுது.

"இதென்ன?" எண்டா குணலட்சுமி.

சீவரத்தினத்தாரின்ரை முகமெல்லாம் கிறீஸ். "தம்பி சும்மா கதைக்க வந்தவர்," எண்டார். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்க வெளிக்கிட்ட மனிசன்.

"சேட்டில்லாமலோ?"

அண்டைக்குப் பின்னேரமே கணக்குப் பாத்திச்சினம். பார்த்தீபனையும் போகவேண்டாமெண்டு உதயகலா இருத்திப்போட்டாள். குணலட்சுமி பம்முக்கெண்டு இன்னொரு கிழங்கையும் வலப்பக்கக் கடகத்துக்குள்ளை போட்டு, அதைத் தூக்கி நிலத்திலை கவிட்டா. வெங்காயமும் கிழங்குமாய் உருண்டு ஓடிச்சுது. இடப்பக்கத்திலை இருந்து தேவாரம் பாடின வெங்காயம் ஒண்டு விழுந்துது.

ஆறிலை அஞ்சு விழுந்து கிடந்த வலப்பக்கக் குவியலைச் சீவரத்தினத்தாருக்குப் பாக்கப் பொறுக்கேல்லை. "இல்லைப் பிள்ளை, இந்தச் சோதனை செல்லாது," எண்டார். "மண்வெட்டியை நான்தான் போட்டனான். முருங்கைக்காயை நான்தான் கேட்டு வாங்கினனான். உன்ரை மாமியை நான்தான் வராதையெண்டு வரப்பண்ணினனான். ஆட்டை அவிட்டதும் நான்தான். பம் மட்டும் தானாய்ப் பழுதாப் போச்சுது, அதையும் நான் ஒளிச்சுத் திருத்திப்போட்டன். என்னாலை நீ தோக்கக் கூடாதம்மா."

உதயகலா வெங்காயத்தையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினாள். கிழங்கை மற்றப் பக்கம் ஒதுக்கினாள். பக்கத்துக்கு மூண்டாய் ரெண்டும் சரிக்குச் சரி நிண்டுது.

"வெங்காயம் சாத்திரியார் சொன்னது. கிழங்கு நான் சொன்னது."

"என்னது?"

"இரும்பும் விருந்தாளியும் சபையும் சாத்திரியார் சொன்னது. முருங்கைக்காய்ச் செய்தி, ஆடு, தண்ணி மூண்டும் ஸ்கூட்டியிலை வரேக்கை நானும் அம்மாவும் யோசிச்சுப் போட்டது. ஒரு பாத்திக்குச் சாத்திரம், ஒரு பாத்திக்குச் சும்மா. உங்களிட்டைப் பழகினதுதானேயப்பா."

சீவரத்தினத்தார் கிழங்கு ஒண்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். "அப்ப நான் என்ரை கலியாண வேட்டியை ஆட்டுக்குக் குடுத்தது, நீ சும்மா சொன்னதுக்கோ?"

குணலட்சுமி சிரிச்ச சிரிப்பிலை கண்ணாலை தண்ணி ஓடிச்சுது. "ஆனால் பம் தானாய்ப் பழுதாப்போச்சுதே பிள்ளை, அதுக்கு என்ன சொல்லுறாய்? உனக்கும் சாத்திரம் வருது போலை கிடக்குது."

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்துதம்மா," எண்டாள் உதயகலா. ஆனால் முகம் சிவந்து போச்சுது. பம் பழுதானால் திருத்த ஆர் வருவினம் எண்டு யோசிச்சுத்தான் அந்தப் பலனைச் சொன்னவள் எண்டு எங்களுக்குத் தெரியாதோ?

சீவரத்தினத்தார் மட்டும் சிரிக்கேல்லை. "சரி பிள்ளை. அப்ப அந்த எட்டிலை செவ்வாய்? அது உண்மையோ பொய்யோ?"

"தெரியாதப்பா," எண்டாள் அவள். "நீங்கள் நடுவிலை நிக்குமட்டும் சாத்திரத்தை ஒருத்தராலும் சோதிக்கேலாது. இந்தச் சோதனையிலை ஒண்டுதான் தெரிஞ்சுது. நீங்கள் நினைச்சால் எதையும் பலிக்க வைப்பியள். நினைச்சால் வந்து பலிச்சதையும் பலிக்கவிடாமல் பண்ணுவியள். மடியுக்குள்ளை பியூஸோடை நிக்கிற மாமனை மீறி எந்தச் செவ்வாயப்பா வரப்போகுது?"

சீவரத்தினத்தார் மடியைத் தடவிப் பாத்தார். இறைச்சு முடிய, பெடியன் நிக்குமட்டும் கரண்ட் வேண்டாமெண்டு திரும்பவும் கழட்டின பியூஸ் இன்னும் அங்கைதான் கிடந்துது. அதைப் பிடிச்சுக்கொண்டு மனிசன் விக்கி விக்கி அழத் தொடங்கினார். பிறகு எழும்பிப் போய்ப் பார்த்தீபனைக் கட்டிப்பிடிச்சார். அவன்ரை வெள்ளைச் சேட் அந்தளவிலை முடிஞ்சுது.

ஆவணியிலை கலியாணம் நடந்துது. நாள் வைச்சுக் குடுத்தது ஆரெண்டு நினைக்கிறியள்? சோதிலிங்கச் சாத்திரியார்தான். "எல்லாத்தையும் நாங்கள் வெண்டால் அந்த மனிசன் பாவமெல்லோ, அவருக்கும் ஒரு பிடி போடுவம்," எண்டு சீவரத்தினத்தார் தானே போய் வெத்திலை வைச்சுக் கேட்டவர். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடை தடிச்ச றப்பர்ச் செருப்பு ரெண்டு சோடியும் போட்டவர். கலியாண வீட்டுக்கு வந்த சனம் முழுக்கச் சிரிச்சுது. அவர் ஒருத்தரையும் திரும்பிப் பாக்கேல்லை.

இப்பவும் ஒவ்வொரு நாளும் விடிய, தோட்டத்துக்கு இறங்க முன்னம் உடுவிலுக்கு ஒரு போன் போகும்.

"தம்பி, செருப்புப் போட்டிட்டீரோ?"

"போட்டிட்டன் மாமா."

"மெயினை நிப்பாட்டினனீரோ?"

"நிப்பாட்டியிட்டன் மாமா."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் தன்ரை பம்மின்ரை சுவிச்சைப் போடுவார்.